கோடி ரூபாயும் ஒரு அத்தையும்

2016 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸில் பயணிகளோடு பயணியாக 342 கோடி ரூபாயும் வந்தது. வங்கிகளில் சேர்ந்துபோன பழைய, அழுக்கு நோட்டுகள். ரிசர்வ் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டியவை. வழியில் யாரோ பெட்டியின் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு 5 கோடியே 78 லட்சத்தை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ராத்திரி நேரம், ஓடுகிற ரயில், கூரை மேல் ஆள். சினிமாவில் சண்டைப் பயிற்சியாளர் வைத்து எடுக்க வேண்டிய காட்சி. சரியாக மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி 500, 1000 ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவோடு செல்லாது என்றார். 2018-இல் சிபிசிஐடி போலீசார் மத்தியப் பிரதேசத்துக் கும்பலைப் பிடித்து விசாரித்தபோது, செலவானது போக மிச்சத்தை மாற்ற வழியில்லாமல் எரித்துவிட்டதாகச் சொன்னார்களாம். அழுக்கு நோட்டை ரிசர்வ் வங்கி வாங்குவதே அழிப்பதற்குத்தான். அந்த வேலையை நடுவழியில் இறக்கி, உயிரைப் பணயம் வைத்து, சொந்தச் செலவில் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. பணத்தை எடுப்பது ஒரு கலை, அதைச் செலவழிப்பது வேறு கலை. முதலாவது கைவந்தவர்களுக்கு இரண்டாவது வருவதே இல்லை. நம் திரைப்படங்கள் இதைத் தலைகீழாகக் காட்டுகின்றன. இரண்டரை மணி நேரம் திட்டம் போட்டு எடுப்பார்கள், கடைசி இரண்டு நிமிடத்தில் கோவாவில் கூலிங் கிளாஸோடு செலவழிப்பார்கள். எடுத்தது தனி ஆளாக இருந்தால் அது ஒருவேளை நடக்கலாம். குடும்பமாக இருந்தால் நடக்காது என்பதுதான் என் கட்சி. திருட்டுப் பணத்துக்கு முதல் எதிரி போலீஸ் இல்லை, அந்தப் பணம் நுழைகிற வீடுதான். போலீஸ் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுவார்.

இதைப் பரிசோதித்துப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற அந்த முனையில் கால் மணி நேரம் நின்றால் போதும், கோடிக்கணக்கான மதிப்புள்ள சரக்கு கண்முன்னே கன்டெய்னரில் போகும். நிசான் கார், பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட், அப்பல்லோ டயர் என்று இந்த வட்டாரத்தில் உருவாகாத வண்டியும் இல்லை, வண்டிக்கான பாகமும் இல்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் செல்போன். ஆசை காட்டுவதற்கு இவ்வளவு போதும். ஆசைப்பட்டவர்களும் உண்டு. 2020 அக்டோபரில் பூந்தமல்லிப் பக்கமிருந்து மும்பைக்குக் கிளம்பிய கன்டெய்னர் லாரியைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே மடக்கி, டிரைவர்களை அடித்துப் போட்டுவிட்டு, சுமார் 15 கோடி ரூபாய் செல்போன்களைக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன இன்னொரு லாரிக்கு ஆந்திர எல்லையில் நகரி அருகே அதே கதி. செல்போனைத் திருடுவது என்ன வகை யோசனை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு போனுக்கும் தனி ஐஎம்இஐ எண். சிம் போட்டு ஆன் செய்த நிமிடமே தான் எங்கே இருக்கிறேன் என்று தானே சொல்லிக்கொடுக்கிற பொருள் அது. நகை அப்படிச் சொல்லாது, பசுமாடு அப்படிச் சொல்லாது. போன் சொல்லும்.

ஆனால் இவையெல்லாம் வெளியூர்க் கும்பல் சமாசாரம். நம் விசாரணைக்கு வேண்டியது உள்ளூர்க் குடும்பம். ஆகவே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், கான்ட்ராக்ட்டில், மாதம் 18,000. மனைவி வீட்டில் இருக்கிறார், மகளிர் குழுவில் உறுப்பினர். மகள் காலேஜ், மகன் பிளஸ் டூ. சி ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வரும்போது வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பை கிடைக்கிறது. உள்ளே ஒரு கோடி. எங்கோ அடித்த பணம், போலீசுக்குப் பயந்து யாரோ போட்டுவிட்டுப் போனது. பைக்கு உரிமை கொண்டாட எவனும் வரப்போவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம்; குடும்பத்துக்கு இவ்வளவு சலுகை கொடுத்துத்தான் நான் வாதாடுகிறேன்.

முதல் சிக்கல் இடம். 2,000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டதால், இன்றைக்குக் கோடி என்றால் 500 ரூபாய் நோட்டில் 20,000 தாள், 200 கட்டு. சூட்கேசைத் திறந்தால் வரிசையாகச் சிரிக்கிற பணம் சினிமாவில்தான் அழகு. ஒற்றை ரூமும் சமையலறையும் உள்ள வீட்டில் 200 கட்டை எங்கே வைப்பது? அரிசி டிரம்மில் வைத்தால் தினமும் திறக்க வேண்டும். பரணில் வைத்தால் எலி. பீரோவில் வைத்தால் பீரோ பூட்டாது. பூட்டினால் மகன் ஏன் பூட்டினீர்கள் என்று கேட்பான். மண்ணில் புதைக்கலாமென்றால் வீட்டுக்கு ஓனர் வேறு, மண்ணும் அவருடையது. ஆந்திராவில் மயிலவரத்தில் ஒரு வியாபாரி நாணயமாகச் சம்பாதித்துச் சேர்த்த 5 லட்சத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். 2021-இல் திறந்து பார்த்தால் கரையான் தின்றிருந்தது. கரையான் நல்ல பணம், கள்ளப் பணம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இடத்தை ஒருவழியாகத் தீர்த்தாலும் இரண்டாவது சிக்கல் அரசாங்க ரூபத்தில் வரும். போலீஸ் ரூபத்தில் இல்லை, அதைவிட நெருக்கமான ரூபத்தில். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது இந்தக் காஞ்சிபுரத்தில்தான். மாதம் 1,000 ரூபாய். இந்த வீட்டு அம்மாவுக்கும் வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 18,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,16,000, தப்பித்தார்கள். கார் இருக்கக் கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. இப்போது கோடி வந்திருக்கிறது. அப்பா சொல்கிறார், ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கலாம் என்று. அம்மா சொல்கிறார், "கார் வாங்கினா என் ஆயிரம் ரூபா நின்னு போயிடும்ங்க." மகள் ஏசி கேட்கிறாள். "ஏசி போட்டா யூனிட் ஏறும், ஆயிரம் ரூபா நின்னு போயிடும்." கோடி ரூபாயை வீட்டில் வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றுகிற இந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அவர் கணக்குத் தப்பில்லை. ஆயிரம் மாதா மாதம் மெசேஜோடு வங்கிக் கணக்கில் வருகிற பணம், யாரிடமும் சொல்லலாம். கோடி இருக்கிறதே தவிர வரவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பணம் என்பது அடுத்தவரிடம் சொல்லக்கூடிய பணம்தான்.

சரி, கடனையாவது அடைப்போமென்றால் அங்கேயும் வழி அடைபடுகிறது. குழுக் கடன் வாங்கிய வீடுகளுக்கு இது தெரியும். பத்துப் பெண்கள் சேர்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பேற்று வாங்குகிற கடன். தவணை நாளன்று ஒருத்தர் வீட்டில் கூடிக் கட்ட வேண்டும். யார் இந்த வாரம் திணறுகிறார், யார் வீட்டுக்காரருக்கு ஓ.டி. கிடைத்தது, யார் கம்மலை அடகு வைத்தார் என்பது பத்துப் பேருக்கும் பாடம். வருமான வரித் துறை எவ்வளவு செலவழித்தாலும் இப்படியொரு தகவல் வலையை ஏற்படுத்த முடியாது. இதில் ஒருத்தி திடீரென்று பாக்கி மொத்தத்தையும் ரொக்கமாகக் கட்டுகிறேன் என்றால், வசூலுக்கு வந்த பையன் ரசீது எழுதி முடிப்பதற்குள் மற்ற ஒன்பது பேரும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

பிறகு அத்தை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' தெரிந்திருக்கும். ஜப்பானில் டொயோட்டா பழக்கப்படுத்திய முறை. லைனில் ஒரு பழுது வந்தால் "ஏன்?" என்று கேட்க வேண்டும், வருகிற பதிலுக்கும் "ஏன்?"; இப்படி ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் அகப்பட்டுவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பெடுத்து, போர்டு மாட்டி, படிவம் நிரப்ப வைக்கிறார்கள். படப்பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிற, வேன் டிரைவரின் அக்காவுக்கு வகுப்பு தேவையில்லை. உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறைப் பக்கம் பார்வை போகும்.

"ஏம்மா, ஃபிரிட்ஜ் புதுசா?"

"ஆமாக்கா. பழசு ரிப்பேரு."

"ரிப்பேர்னா சரி பண்ண வேண்டியதுதானே, ஏன் பண்ணல?"

"ரெண்டாயிரம் கேட்டான்க்கா. அதான் புதுசே வாங்கிட்டோம்."

"ரெண்டாயிரத்துக்குக் கணக்குப் பாத்தவங்க ஏன் டபுள் டோர் எடுத்தீங்க?"

"இஎம்ஐ-லதான்க்கா."

"போன வருசம் வண்டி லோனுக்கு எங்க வீட்டுக்காரர்கிட்டதானே ஜாமீன் கையெழுத்து வாங்குனான் தம்பி? இதுக்கு ஏன் கேக்கல?"

"இல்லக்கா... கொஞ்சம்தான் லோன். மிச்சம் கம்பெனியில போனஸ் குடுத்தாங்க."

"ஆடி மாசத்துல ஏன்டி போனஸ்?"

முடிந்தது. ஐந்தே கேள்வி, மூலகாரணம் அகப்பட்டது. இதற்கு அடியும் இல்லை, லாக்கப்பும் இல்லை, ஒரு டம்ளர் காபி மட்டும் செலவு. அந்தக் கேள்விக்குப் பிறகு அத்தைக்கு இரண்டே வழி: ஊருக்குச் சொல்வது அல்லது பங்கு கேட்பது. முதலாவதைச் செய்தால் குடும்பம் மாட்டும்; இரண்டாவதைச் செய்தால் அடுத்த வாரம் அத்தை வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து, அதைப் பார்க்க அவருடைய நாத்தனார் வருவார். ரகசியத்துக்கு இந்த வட்டாரமே ராசியில்லை என்றும் ஒரு சந்தேகம் உண்டு. குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்ன ராமானுஜர் பிறந்தது பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தானே. அவர் சொன்னது உலகம் உய்ய. அத்தை சொல்வது வேறு காரணத்துக்கு. முறை மட்டும் ஒன்று.

அத்தையைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். சட்டமும் அத்தை பக்கம்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 114-ஆவது பிரிவில் முதல் எடுத்துக்காட்டே இதுதான்: களவு நடந்த கொஞ்ச காலத்துக்குள் களவுப் பொருளை வைத்திருக்கிறவன், அது எப்படிக் கைக்கு வந்தது என்று கணக்குச் சொல்லாவிட்டால், அவனே திருடன் அல்லது திருட்டென்று தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். இப்போது வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 119-ஆவது பிரிவாக இடம் மாறியிருக்கிறதே தவிர, சங்கதி அதேதான். எப்படி வந்தது, கணக்குச் சொல். வெள்ளைக்காரன் 150 வருஷத்துக்கு முன் ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் படப்பை அத்தை ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கேட்கிறார்.

குடும்பம் என்பது எவ்வளவு ஓட்டையான பாத்திரம் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 13-ஆம் தேதி சென்னை அரும்பாக்கத்தில் ஃபெட்பேங்க் என்ற நகைக்கடன் நிறுவனத்தில் 30 கிலோவுக்கு மேல் தங்கம் கொள்ளை போனது. உள்ளே வேலை பார்த்த ஆளே திட்டம் போட்டது என்று போலீஸ் சொன்னது. சில நாளிலேயே நகைகளை மீட்டார்கள். கணக்குப் பார்த்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்த மிச்சம் அகப்பட்ட இடம், அச்சிறுபாக்கம் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் ஒருவரின் வீடு. பிடிபட்டவர்களில் ஒருவரின் மனைவியும் இன்ஸ்பெக்டரின் மனைவியும் உறவுக்காரர்கள் என்றார்கள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். திருட்டுப் பொருளை ஒளித்துவைக்கப் போலீஸ்காரர் வீட்டைவிடப் பத்திரமான இடம் எது என்று யோசித்த மூளையைப் பாராட்டலாம். ஆனால் அந்த வீட்டுக்கு வழிகாட்டிய சொந்தமேதான் போலீசுக்கும் வழிகாட்டியது. உறவு என்பது இரண்டு பக்கமும் போகிற ரோடு. ஒருவழிப் பாதை போர்டு அதில் கிடையாது.

குடும்பத்துக்காகக் கொள்ளையில் இறங்கியவர் கதையை நம் பக்தி மரபே வைத்திருக்கிறது. திருமங்கை ஆழ்வார் சோழனிடம் படைத்தலைவராக இருந்தவர். குமுதவல்லியை மணக்க ஆசைப்பட்டார். அந்த அம்மாள் போட்ட நிபந்தனை, ஒரு வருஷம் தினமும் 1,008 வைணவர்களுக்கு அமுது படைக்க வேண்டும். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஒருவேளை ஆயிரம் இலை போடுகிறவர்களுக்கே நாக்குத் தள்ளுகிறது. அவருக்கு முதலில் அரசனுக்குக் கட்ட வேண்டிய கப்பம் கரைந்தது. பிறகு வழிப்பறிதான் வழி. கடைசியில் பெருமாளே கல்யாணக் கோலத்தில் நகையெல்லாம் பூட்டிக்கொண்டு வருகிறார், ஆழ்வார் மறித்துப் பறிக்கிறார், மூட்டை கட்டுகிறார், மூட்டை தூக்க வரவில்லை. பங்குனியில் திருநகரிப் பக்கம் வேடுபரி உற்சவமாக இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். எடுப்பது நடந்துவிடும், கொண்டுபோவதுதான் நடக்காது என்று நான் இத்தனை பத்தியில் சொல்வதைப் பெருமாள் ஒரே மூட்டையில் சொல்லிவிட்டார்.

இனி மறுப்புகள். புத்திசாலியான குடும்பமாக இருந்தால் ஃபிரிட்ஜெல்லாம் வாங்காது, வாயை மூடிக்கொண்டு மளிகைக்கும் பாலுக்கும் காய்கறிக்கும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும், யாருக்கும் தெரியாது என்பது முதல் மறுப்பு. நல்ல மறுப்புதான், கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 என்று வைத்தால் ஒரு கோடி தீர 55 வருஷம் ஆகும். இந்தியாவில் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது 1946-இல், பிறகு 1978-இல், பிறகு 2016-இல். இடைவெளி 32 வருஷம், 38 வருஷம். ஆக, 55 வருஷத் திட்டம் போடுகிற குடும்பம் நடுவில் ஒருதடவையாவது தொலைக்காட்சியில் ஒரு பிரதமரைச் சந்தித்தே தீரும். அன்றைக்குப் பாதிக் கோடியைத் தூக்கிக்கொண்டு எந்த கவுண்டருக்குப் போவது? வாயை மூடிக்கொண்டு வைத்திருப்பதில் உள்ள இன்னொரு ஆபத்தைத் திருப்பூர் மாவட்டம் பூமலூரில் இரண்டு பாட்டிகள் காட்டினார்கள். அவர்களுடையது நாணயமான உழைப்பின் பணம். வீட்டுக்குத் தெரியாமல் சிறுகச் சிறுகச் சேர்த்தது, நாற்பதாயிரத்துக்கு மேல். 2019-இல், வைத்தியச் செலவுக்கென்று வெளியே எடுத்தபோது எல்லாம் பழைய 500, 1000. மூன்று வருஷத்துக்கு முன் அவை செத்துப்போன செய்தி அவர்களுக்கு வரவேயில்லை, ஏனென்றால் பணம் இருப்பது தெரியாததால் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. குடும்பத்துக்குச் சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும் என்பது பணத்தின் இயல்பு போலிருக்கிறது.

தங்கமாக மாற்றிவிட்டால்? மாற்றலாம். இரண்டு லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கேட்பார்கள். சின்னச் சின்னதாக, வேறு வேறு கடையில், காஞ்சிபுரம் ஒருநாள் தாம்பரம் ஒருநாள் என்று அலைந்தால் சேர்த்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். வருமான வரித் துறை 1994-இல் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று உண்டு. சோதனையின்போது கல்யாணமான பெண்ணிடம் 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று. நம் வேன் டிரைவர் குடும்பத்துக்குக் கூட்டினால் 950 கிராம், கிட்டத்தட்ட 119 பவுன். அரசாங்கம் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது இடைஞ்சல் எங்கிருந்து வரும்? நகையிடமிருந்தே வரும். நகை என்பது பிறர் பார்ப்பதற்காகச் செய்யப்படுகிற பொருள். போட்டுக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனால் சன்னதியில் நிற்கிற பாதிப் பேர் முருகனைப் பார்க்க மாட்டார்கள். போடாமல் வைத்திருந்தால் வாங்கியதில் அர்த்தமில்லை. அதற்கு நோட்டாகவே கரையானுக்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது மறுப்பு இந்த ஊர்க்காரர்களிடமிருந்து வரும், இதுதான் கனமானது. ஒரகடம் வட்டாரத்தில் திடீர்ப் பணம் புதுசா என்ன? சிப்காட் வந்தபோது, ரோடு அகலமானபோது, நிலம் கொடுத்தவர்கள், விற்றவர்கள் கையில் ஒரே நாளில் லட்சங்களும் கோடிகளும் வந்தன. நேற்றுவரை மாடு மேய்த்தவர் இன்றைக்கு ஸ்கார்ப்பியோவில் போனால் இங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லையே என்பார்கள். உண்மை. ஆனால் ஏன் உயர்த்துவதில்லை? அவருடைய சர்வே நம்பர் ஊருக்குத் தெரியும். எத்தனை சென்ட், எந்த மாதம் பத்திரப்பதிவு, சென்ட் என்ன விலை, புரோக்கர் எவ்வளவு அடித்தார், தங்கச்சிக்குப் பங்கு கொடுத்தாரா, கொடுக்காததால் கேஸ் இருக்கிறதா எல்லாம் டீக்கடையில் பேசித் தீர்த்த விஷயம். வந்த வழி தெரிந்த பணத்துக்கு ஊர் வழிவிடும். நம் வேன் டிரைவருக்கு இந்த ஊரில் ஒரு சென்ட் கிடையாது என்பதும் அதே டீக்கடைக்குத் தெரியும். ஆகவே இந்த மறுப்பு என் கட்சிக்கே வலு சேர்க்கிறது.

பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் அடித்த பணத்தை அழகாகச் செலவழிக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். அவர் வேலையே அத்தை கேட்பதற்கு முன்னால் ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி வைப்பதுதான்.

நம் சினிமாவில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1972-இல் சித்ராலயா கோபு இயக்கிய 'காசேதான் கடவுளடா'வில் திருட்டே வீட்டுக்குள்தான் நடக்கிறது. போலிச் சாமியாராகத் தேங்காய் சீனிவாசன் வந்து அமர்ந்த பிறகு, போலீஸ் வருமா என்கிற கவலையே பார்ப்பவனுக்கு இல்லை, மனோரமா கண்டுபிடித்துவிடுவாரா என்பதுதான் கவலை. 2018-இல் வந்த 'கோலமாவு கோகிலா'வில் ஒரு குடும்பமே கடத்தலில் இறங்குகிறது. அங்கேயும் சிரிப்பு வருவது கடத்தலால் இல்லை, நடுத்தர வர்க்கத்து வீட்டின் பழக்கவழக்கம் அத்தனையும் அப்படியே கடத்தலுக்குள் வந்துவிடுவதால். தனியாகத் திருடினால் துப்பறியும் கதை, குடும்பத்தோடு திருடினால் நகைச்சுவைக் கதை என்பது இலக்கண விதி மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. யாரும் திருட வேண்டாம், யாரும் ஒளிக்க வேண்டாம், வங்கியே கொண்டுவந்து கணக்கில் போட்டால்? அதுவும் நடந்து பார்த்தாகிவிட்டது. 2023 செப்டம்பரில் சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிற ஓர் இளைஞரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டது. மெசேஜைப் பார்த்தவர் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தார். உண்மைதானா என்று பார்க்க நண்பர் ஒருவருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வங்கி விழித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு பேச்சுவார்த்தை, வக்கீல்; 21,000-ஐத் திருப்பித் தர வேண்டாம், வேண்டுமானால் கார் லோனும் தருகிறோம் என்று வங்கித் தரப்பில் சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வங்கியின் நிர்வாக இயக்குநர் சொந்தக் காரணங்களைச் சொல்லி ராஜினாமா செய்தார். திருடாமல், மறைக்காமல், வந்த வழிக்கு வங்கியே சாட்சியாக நின்ற 9,000 கோடியில் கடைசியில் வெளியே தங்கியது 21,000 ரூபாய். அதுவும் போய் உட்கார்ந்திருந்தது நண்பரின் கணக்கில்.